எதிரெதிர் வேட்பாளர்களை ஒப்பிட உங்கள் கையில் இருக்கும் பத்திரம்: படிவம் 26

சட்டமன்றத் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்று தீர்மானிக்க, மேடைப் பேச்சையும் சுவரொட்டியையும் தவிர இன்னொன்றும் வாக்காளருக்கு இருக்கிறது. வேட்புமனுவுடன் ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்தாக வேண்டிய பிரமாணப் பத்திரம் அது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகளில் இதற்குப் ‘படிவம் 26’ என்று பெயர். தன்மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், வருமானம், படிப்பு அனைத்தையும் வேட்பாளரே உறுதிமொழி அளித்து எழுதி, நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தருகிறார். இதைப் படிக்கக் கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் ‘இத்தனை கோடிக்கு அதிபதி’ என்று செய்தித்தாளில் வரும் ஒரு வரியோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பத்திரத்திலேயே மிகக் குறைவாக உதவும் வரி அதுதான் என்பது என் எண்ணம்.

இந்த உரிமை அரசியல்வாதிகள் மனமுவந்து கொடுத்ததல்ல. வேட்பாளரின் குற்றப் பின்னணி, சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. கட்சி வேறுபாடின்றி அதற்கு எதிர்ப்பு எழுந்தது. நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும், சட்டத்தில் கேட்டதற்கு மேல் வேட்பாளர் எதையும் வெளியிட வேண்டியதில்லை என்று அதே ஆண்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவையே சேர்த்தார்கள். 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. இன்று நாம் படிக்கும் பத்திரம் அந்தப் போராட்டத்தில் கிடைத்தது.

எங்கே கிடைக்கும்? தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களுக்கெனத் தனிப் பக்கம் இருக்கிறது. மாநிலம், தொகுதி, வேட்பாளர் என்று தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்த பக்கங்கள் அப்படியே வரும். ஆணையத்தின் கைப்பேசிச் செயலியிலும் பார்க்கலாம். இணையம் பழகாதவர்கள் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் நகல் ஒட்டப்பட்டிருக்கும். மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாட்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிதானமாகப் படிக்க அந்த இடைவெளி போதும்.

பத்திரத்தைத் திறந்ததும் முதலில் வழக்குகள் பகுதிக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். ‘ஒருவர்மீது எட்டு வழக்கு, மற்றவர்மீது ஒன்று’ என்று எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பது பெரும் பிழை. தமிழ்நாட்டில் சாலை மறியலிலும் ஆர்ப்பாட்டத்திலும் கலந்துகொள்பவர்மீது வழக்குப் போடுவது வாடிக்கை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) ஆகிய எண்கள் ஒருவர் பெயருக்கு எதிரே வரிசையாக நின்றால், அவர் தெருவில் இறங்கிப் போராடியவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதே இடத்தில் 420 (மோசடி), 406 (நம்பிக்கை மோசடி), 307 (கொலை முயற்சி), 506 (மிரட்டல்) என்று இருந்தால் ஒரே ஒரு வழக்கானாலும் நின்று யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும். அதில் மோசடி 318, நம்பிக்கை மோசடி 316, கொலை முயற்சி 109, சட்டவிரோதமாகக் கூடுதல் 189.

குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்ற கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை என்பது யாரோ கொடுத்த புகாரின் பதிவு. குற்றச்சாட்டு வனைந்திருந்தால், விசாரணை நடத்த முகாந்திரம் உண்டு என்று ஒரு நீதிபதி ஆவணங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் யாரும் தகுதி இழப்பதில்லை. பொதுவாக இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவரைத்தான் சட்டம் தடுக்கிறது. அதுவரை அவரை வெல்ல வைப்பதா வீழ்த்துவதா என்பது தொகுதி மக்களின் கையில்தான் இருக்கிறது.

வழக்குள்ள ஒருவரைக் கட்சி நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்துகிறது, வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்ற காரணத்தை, அவரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு இது. ‘வெற்றி வாய்ப்பு உள்ளவர்’ என்பது மட்டுமே காரணமாகக் கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேட்பாளரும் தன் வழக்குகளைப் பிரச்சார காலத்தில் மூன்று முறை செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி வரும் அந்த விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடாமல் படியுங்கள்.

அடுத்து சொத்து. ஒரு பேச்சுக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பன்னிரண்டு கோடி, எல்லாம் பூர்வீக நிலம். நகரம் வளர்ந்ததால் விலை ஏறியது. மற்றவருக்கு இரண்டு கோடிதான். ஆனால் அவ்வளவும் கடந்த ஐந்து ஆண்டுகளில் வாங்கியது, வருமான வரிக் கணக்கிலோ ஆண்டுக்கு ஐந்து லட்சம். கேள்வி கேட்க வேண்டியது இரண்டாமவரைத்தான். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாமே பத்திரத்தில் இருக்கிறது: சர்வே எண், பூர்வீகமா வாங்கியதா, வாங்கிய தேதி, அப்போதைய விலை, இப்போதைய மதிப்பு. ஐந்து ஆண்டு வருமானத்தையும் வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும் என்பது 2019இல் சேர்ந்தது. ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்தவரென்றால் அவரது முந்தைய தேர்தல் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கணவன் அல்லது மனைவி, தனி வருமானமின்றி வேட்பாளரைச் சார்ந்திருப்போர், இந்து கூட்டுக் குடும்பம் ஆகியோரின் சொத்துதான் கணக்கில் வரும். சொந்தமாகத் தொழில் செய்யும் மகன், மைத்துனர், தம்பி பெயரில் இருப்பவை வராது. உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த கல்லூரியோ கல்குவாரியோ பத்திரத்தில் இல்லாததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கடன் பகுதியில் வங்கிக் கடன்களோடு அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, மின்கட்டணம், அரசுக் குடியிருப்பு வாடகை பாக்கியும் வரும். வேட்பாளருக்கோ குடும்பத்துக்கோ அரசு ஒப்பந்தங்கள் இருக்கின்றனவா என்ற வரி சிறியது, ஆனால் சட்டமன்றத்துக்குப் போகிறவரிடம் அவசியம் பார்க்க வேண்டியது.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது; ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும். நினைவூட்டிய பிறகும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்பது 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எழுதியது உண்மையா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் விசாரிப்பதில்லை. தவறு என்று உங்களுக்குத் தெரிந்தால், அதற்கு மறுப்பாக நீங்களே ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதையும் அவர் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பொய்த் தகவலுக்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒரு தொகுதியையே ஏமாற்றுவதற்கு இது மிகக் குறைவு என்றே நினைக்கிறேன்.

தேர்தலுக்குப் பிறகும் வழி இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவராக 2006இல் தேர்வானவர் தன்மீதிருந்த ஊழல் வழக்குகளை மறைத்தது தெரியவந்து, அவரது வெற்றி செல்லாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. வழக்கை மறைப்பது வாக்காளரின் சுதந்திரமான தேர்வில் தலையிடுவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் எல்லா விடுபடலும் அப்படிப் பார்க்கப்படாது. அருணாசலப் பிரதேசத்தின் தேசூ தொகுதி வழக்கில், வேட்பாளரின் தகுதியைப் பாதிக்காத சிறு அசையும் பொருட்களையெல்லாம் காட்ட வேண்டியதில்லை என்று 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் கூறியது. சட்டமன்றத் தேர்தலென்றால் முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடர வேண்டும். செலவுக்கான பிணைத் தொகையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். தோற்ற வேட்பாளர்தான் தொடர வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் தொடரலாம்.