உமிழுண்டை: ஆந்தையின் 'பெல்லட்'டுக்கு ஏற்ற சொல்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்தைப் பாடம் படம் வரைவதோடு முடிந்துவிடாது. கட்டைவிரல் பருமனில், அலுமினியத் தாளில் சுற்றிய சாம்பல் நிற உருண்டை ஒன்றைப் பிள்ளைகள் முன் வைப்பார்கள். பல்குத்தும் குச்சியும் இடுக்கியும் கொண்டு அதைப் பிரித்தால் உள்ளே எலியின் மண்டையோடு, தாடை, விலா எலும்பு எல்லாம் கிடக்கும். பொறுக்கியெடுத்துக் கறுப்புத் தாளில் ஒட்டி, எலும்புக்கூட்டை மறுபடி அமைக்க வேண்டும். அந்த உருண்டையின் பெயர் 'பெல்லட்'. இதே பாடத்தைத் தமிழில் எடுக்கப் போனால் முதலில் இடறுவது இந்தப் பெயரில்தான். அவசரத்துக்கு 'ஆந்தை எச்சம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை.

எச்சம் பறவையின் பின்புறமாக வெளியேறுவது. சுவரிலும் மரத்தடியிலும் வெள்ளையாகத் தெறித்துக் கிடக்கும். பெல்லட் வருவது வாய் வழியாக. கூகையோ வேறு ஆந்தையோ, சின்ன எலியாக இருந்தால் அப்படியே முழுங்கிவிடும்; பெரிய இரையாக இருந்தால் கிழித்துத் தின்னும். மற்றப் பல பறவைகளுக்கு இருப்பதுபோல் தொண்டைக்குக் கீழே இரையைச் சேர்த்துவைக்கும் பை ஆந்தைக்குக் கிடையாது. இரை நேரே வயிற்றுக்குப் போகிறது. வயிற்றின் முதல் அறையில் செரிமான நீர் சுரந்து சதையைக் கரைக்கிறது. எலும்பு, உரோமம், பல், பூச்சியின் ஓடு ஆகியவை கரையாமல் இரண்டாவது அறையான அரைவைப்பையில் தங்கி, அங்கே அழுத்தப்பட்டு உருண்டையாகின்றன. சில மணி நேரம் கழித்து ஆந்தை கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து அதை வெளியே தள்ளுகிறது. பழைய உருண்டை வெளியேறினால்தான் அடுத்த வேட்டையை வயிறு முழுமையாக ஏற்கும்.

ஆக, எச்சம் என்ற சொல் போயிற்று. 'வாந்தி'யும் சரிவராது. வாந்தி நோய்க்குறி, ஆந்தைக்கு இது அன்றாட வேலை. 'கவளம்' என்று ஒருவர் சொல்லலாம், உருவம் பொருந்துகிறது. ஆனால் கவளம் வாய்க்குள் போவது, இது வெளியே வருவது! கலைச்சொல் பட்டியல்களில் சில சமயம் தலைகாட்டும் 'வில்லை' தட்டையான பொருளுக்கு உரியது. குழந்தை பாலைக் கக்குவதைக் குறிக்கும் 'எதுக்களித்தல்' நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் அது செயலின் பெயர், வெளியே வந்த பொருளுக்குப் பெயராகாது.

ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிகிறது. லத்தீனில் 'பிலா' என்றால் பந்து. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'பெலோட்', அதாவது சிறு உருண்டை. அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் பெல்லட் போனது. (சைக்கிள் பந்தயத்தில் கும்பலாக ஓட்டிவருவோரைக் குறிக்கும் 'பெலட்டான்' என்ற சொல்லும் அந்த பெலோட்டின் வழி வந்ததுதான்.) பெல்லட் என்ற சொல்லில் ஆந்தையும் இல்லை, வாயும் இல்லை, வெறும் உருண்டை மட்டுமே இருக்கிறது. அதனால்தான் ஏர்கன்னில் போடும் ஈயக் குண்டும், மீனுக்குப் போடும் தீவனமும், பிளாஸ்டிக் ஆலையின் மூலப்பொருளும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் நடமாடுகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் குழப்பம் வேண்டாம் என்று 'வெளித்தள்ளிய உருண்டை' என்ற பொருள்படும் தொடராகவே சொல்கிறார்கள். வல்லூறு பழக்கும் ஆங்கிலேயர்களோ இதைக் 'காஸ்டிங்' என்பார்கள், எறிந்தது என்ற பொருளில்.

தமிழில் உருண்டைக்கு இன்னொரு வடிவம் 'உண்டை'. கன்னடத்தில் உண்டெ, தெலுங்கில் உண்ட, மலையாளத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு 'வெடியுண்ட'. நம் ஊரிலும் களிமண் உருண்டையை எய்யும் வில்லுக்கு உண்டைவில் என்று பெயர் உண்டு. சிறுவன் இராமன் கூனியின் முதுகில் அடித்தது அந்த வில்லால்தான். கம்பர் அந்த இடத்தில் எழுதியதைப் பாருங்கள்: 'பண்டைநாள் இராகவன் பாணி வில்லுமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்.' வில் உமிழ்ந்த உண்டை! நமக்கு வேண்டிய இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கம்பருக்கும் ஆந்தைக்கும் இங்கே சம்பந்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளிருந்து வெளியே வீசப்படும் சிறு உருண்டை என்ற பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனவே என் தேர்வு 'உமிழுண்டை'. இலக்கணப்படி வினைத்தொகை: உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் உண்டை. ஆந்தைக்கு மட்டும் என்று ஒதுக்கவும் தேவையில்லை. மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கீச்சான், பருந்து எல்லாமே உமிழுண்டை தள்ளுபவைதான். ஆனால் பருந்தின் வயிற்று அமிலம் கடுமையானது, எலும்பைப் பெரும்பாலும் கரைத்துவிடும். ஆந்தையின் அமிலம் அவ்வளவு காரமில்லை. எலும்புகள் முழுசாகக் கிடைப்பதால்தான் வகுப்பறைக்கு ஆந்தையின் உமிழுண்டையைத் தேடுகிறார்கள்.

உலகத்து ஆந்தைகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். ஆர்க்டிக் பனி ஆந்தையின் உண்டையில் லெமிங் என்ற எலிபோன்ற சிறு விலங்கின் எலும்பு. அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வளை ஆந்தையின் உண்டையில் வண்டு ஓடுகள். அது தன் வளை வாசலில் சாணத்தைக் கொண்டுவந்து போட்டு வண்டுகளை வரவழைக்கும் கெட்டிக்காரப் பறவை. ஆற்றோரத்துப் பூமன் ஆந்தையிடம் மீன் முள்ளும் நண்டு ஓடும் இருக்கும். பிடித்துவைக்க உரோமம் இல்லாததால் அந்த உண்டை சீக்கிரம் உதிர்ந்துவிடும். நம் தெருவோரத்துப் புள்ளி ஆந்தையிடம் பூச்சி இறக்கைகள் நிறைய. பிரித்து ஆராய மிக வசதியானது கூகையினுடையதுதான். புதிதாகக் கிடந்தால் கறுத்து, வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கும்.

மண்டையோட்டை எடுத்ததும் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி. இடைவெளியில்லாமல் கூரிய பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. பல்லே இல்லாமல் அலகு இருந்தால் குருவி. காவிரிப் படுகையில் கூகை எதைத் தின்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டதும் இப்படி உண்டைகளைப் பிரித்துத்தான். வயல் எலிகளே அதன் முக்கிய உணவு. சங்கப் புலவருக்கும் அது தெரியாமல் இல்லை. நற்றிணை 83-இல் தோழி, இரவில் குழறி எங்களைக் காட்டிக்கொடுக்காதே, சுட்ட எலியும் நெய்ச்சோறும் தருகிறேன் என்று கூகைக்கே லஞ்சம் பேசுகிறாள். 'சாவுக்குருவி' என்று கல்லெறியும் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. உமிழுண்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் இதைப் பிரித்த பிள்ளைகளுக்குத் தொற்று வந்ததும் உண்டு. கடையில் விற்பவற்றை முன்பே சூடேற்றித்தான் அனுப்புகிறார்கள். சூடேற்றுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது: உரோமத்தைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுக்களும் செத்துவிடும். மரத்தடியில் பொறுக்கியதை நேரே மேசைக்குக் கொண்டுவராதீர்கள். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் மேசையைத் துடையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் பிரிக்கவே வேண்டாம். கூகை குஞ்சு வைத்திருக்கும் பொந்துப் பக்கம் பொறுக்கப் போகவும் கூடாது.

அப்புறம், புழக்கத்துக்கு: 'கூகை ஓர் உமிழுண்டை தள்ளியது', 'உமிழுண்டையைப் பிரித்தோம்', 'மூன்றாவது உமிழுண்டையில் மூஞ்சூறு இருந்தது'. சின்ன வகுப்புக்கு இது கனமாகத் தெரிந்தால் 'கக்கிய உருண்டை' என்றே சொல்லிவிடலாம்.