அருள்கொடை: ஒரு சொல்லும் அதன் மூன்று தமிழ்களும்

இலங்கையின் வன்னியில் ஒரே ஊரில் ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைக் கோவில்களிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் அதை 'வரம்' என்பார்கள். கத்தோலிக்கப் பங்கில் பூசை வாசகத்தில் 'அருள்கொடை' என்று காதில் விழும். இரு பக்கத்துப் பிள்ளைகளும் தங்களுக்குள் கதைக்கும்போது 'தாலந்து' என்பார்கள், 'தாலந்துப் போட்டி' என்று நோட்டீசும் ஒட்டப்படும். கடவுள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒப்படைத்தது, அதைக்கொண்டே அவருக்குப் பணி செய்ய வேண்டியது என்ற கருத்தைத்தான் மூன்றும் சுட்ட முயல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் சுட்டும் விதம் வேறு. அந்த வேறுபாடு சபை நடக்கும் முறையையே மாற்றிவிடுகிறது.

மூலச்சொல் கிரேக்கத்தில் 'காரிஸ்மா'. 'காரிஸ்' என்றால் அருள், தயவு. 'மா' என்னும் இறுதி, செயலால் விளைந்த பொருளைக் காட்டும். நம் மொழியில் 'கொடு' என்பதிலிருந்து 'கொடை' வருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அருள் ஒருவர் கைக்கு வந்துசேர்ந்த வடிவமே காரிஸ்மா. புதிய ஏற்பாட்டில் இச்சொல் 17 இடங்களில் வருகிறது. 16 இடங்கள் பவுலின் பெயரிலுள்ள திருமுகங்களில், ஒன்று பேதுருவின் முதல் திருமுகத்தில். இதன் பொருளைத் தெளிவாகக் காட்டுவது உரோமையர் 6:23: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன்." இங்கே 'சம்பளம்' என்று வரும் கிரேக்கச் சொல் போர்வீரனுக்குக் கொடுக்கும் படியைக் குறிப்பது. வேலைக்கு ஈடாக வருவது சம்பளம், ஈடில்லாமல் வருவது காரிஸ்மா. இந்த எதிர்நிலையை மறக்காமல் நம் மூன்று தமிழ்ச் சொற்களையும் பார்க்க வேண்டும்.

'வரம்' வடசொல். தேர்ந்துகொள்ளுதல் என்ற வேர்ப்பொருளிலிருந்து வந்தது. தமிழ்க் காதில் அது தனியாக ஒலிப்பதில்லை, பின்னாலேயே 'தவம்' வந்து நிற்கும். தவமிருந்தவன் கேட்கிறான், கடவுள் மகிழ்ந்து கொடுக்கிறார் என்பது புராணங்கள் வழியே நமக்கு ஊறிப்போன கதைப்போக்கு. அதனால்தான் 'அவர் நாற்பது நாள் உபவாசமிருந்து வரம் வாங்கினவர்' என்ற பேச்சு சபைகளில் இயல்பாக வந்துவிடுகிறது. வரங்களை நாடுங்கள், விரும்புங்கள் என்று பவுலே சொல்கிறார். கேட்பது தவறில்லை. கேட்டதன் கடுமைக்கு ஏற்பக் கூலியாகக் கிடைத்தது என்று எண்ணும்போதுதான் சொல் தடம் மாறுகிறது. பணம் கொடுத்து அதைப் பெறலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டதை அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் காணலாம். உபவாசத்தைப் பணமாக எண்ணி நீட்டினாலும் கணக்கு அதே கணக்குத்தான்.

இன்னொரு சறுக்கல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 1 கொரிந்தியர் 12:7, கத்தோலிக்கரல்லாத சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில், "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்று நிற்கிறது. அப்படியே வாசித்தால் வரம் பெற்றவனுக்கே பயன் என்றாகும். மூலத்தில் 'அவனவனுக்கு' என்பது யாருக்கு அளிக்கப்பட்டது என்பதோடு சேரும், 'பிரயோஜனம்' என்பது எல்லாருக்குமான நன்மையைக் குறிக்கும். கத்தோலிக்கத் திருவிவிலியம் இதைப் 'பொது நன்மை' என்றே சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்பை நேசித்து மனப்பாடமாகச் சொல்பவர்கள் இந்த ஒரு வசனத்தில் மட்டும் நின்று, பக்கத்தில் மற்றதையும் வைத்து வாசிப்பது மிக அவசியம்.

அடுத்தது 'தாலந்து'. இது திறமையின் பெயரே அல்ல, நிறையின் பெயர், பிறகு பணத்தின் பெயர். கிரேக்கத்தில் 'தாலாந்தோன்'. ஒரு தாலந்து 6000 திராக்மா. உரோமக் காசான தெனாரியத்திலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை என்று கொள்வார்கள். ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவரின் ஒருநாள் கூலி என்பது மத்தேயு 20-ஆம் அதிகாரத் திராட்சைத்தோட்ட உவமையில் தெரிகிறது. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைப்பதாக வைத்தால் ஒரு தாலந்து 20 ஆண்டுக் கூலி. ஐந்து தாலந்து நூறு ஆண்டுக் கூலி. மத்தேயு 25-ஆம் அதிகார உவமையில் எசமான் தன் வேலையாட்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்துப் போகிறார். அதில் ஒரு தாலந்து பெற்றவனை 'கொஞ்சம் கிடைத்தவன்' என்று ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது பெரும் பிழை. வயற்கூலிக்குப் போகும் ஒரு குடும்பம் ஒருநாளும் ஒன்றாகக் கண்டிராத தொகை அது.

ஐரோப்பிய மொழிகளில் இந்தத் தாலந்து உவமையிலிருந்தே 'தாலந்து' இயற்கைத் திறமைக்குப் பெயராயிற்று. அந்தப் பொருள் திரும்பிவந்து நம் தாலந்தின் மேலும் ஏறிக்கொண்டது. ஆனால் மத்தேயு 25:15 சொல்வதைக் கவனியுங்கள்: "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" எசமான் தாலந்துகளைக் கொடுத்தார். திறமை முன்பே இருக்கிறது, தாலந்து அதன்பின் வருகிறது. தாலந்தும் திறமையும் ஒன்றென்றால் 'திறமைக்குத் தக்கதாகத் திறமை கொடுத்தார்' என்று வாசிக்க வேண்டிவரும். தாலந்து எசமானுடைய சொத்து, திறமை அதை ஏந்தும் கை. ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் கேட்ட பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே என்பதை 21, 23-ஆம் வசனங்களைப் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

இந்த ஒப்படைப்புக் கருத்தை ஒரே சொல்லில் பிடித்தவர் பேதுரு. பழைய மொழிபெயர்ப்பு அவர் சொல்லை "நல்ல உக்கிராணக்காரர்" என்று தந்தது. உக்கிராணம் என்றால் களஞ்சியம், பண்டசாலை. இன்று பிள்ளைகளுக்கு அச்சொல் விளங்காது. வன்னியில் விளக்குவதென்றால் நீர்ப்பாசன விதானையைச் சொல்லலாம். குளத்துத் தண்ணீர் அவருடையதல்ல. துருசு திறந்தபின் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டு விடுவது அவர் பொறுப்பு. சிறுபோகத்தில் தண்ணீர் குறைவு, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். அப்போது தன் வயலுக்கு மட்டும் மடையைத் திறந்துவைத்தவரைக் கடை வாய்க்கால்காரர் சும்மா விடமாட்டார்கள். அருள்கொடை பெற்றவர் நிற்பது அந்த விதானையின் இடத்தில். கத்தோலிக்கர் தங்கள் கோவில் வட்டத்தையே 'பங்கு' என்கிறார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

'ஊழியம்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாற்றுச் சுமை உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் வடக்கில் ஊழியம் என்பது குடிகளில் சிலர்மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலை. திருச்சபையில் அது புனிதமான சொல்லாகிவிட்டது, எனினும் 'ஊழியக்காரர்' என்றால் மேடையில் நிற்பவர் மட்டும் என்று சுருங்கியும்விட்டது. பவுல் எழுதிய சொல் 'தியாகோனியா'. அதன் அடிப்பொருளில் பந்தியில் பரிமாறுதலும் அடங்கும். அப்போஸ்தலர் 6-இல் வரும் 'பந்திவிசாரணை' அந்த வேரிலிருந்தே. கத்தோலிக்கர் சொல்லும் 'திருத்தொண்டு' இந்தப் பொருளுக்குக் கிட்ட நிற்கிறது.

எவையெல்லாம் அருள்கொடை? உரோமையர் 12:6-8 ஏழு சொல்கிறது: இறைவாக்கு, தொண்டு, கற்பித்தல், ஊக்கப்படுத்தல், பகிர்ந்து கொடுத்தல், தலைமை, இரக்கம். 1 கொரிந்தியர் 12 வேறொரு வரிசை தருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தாததே இவை முடிந்த பட்டியல்கள் அல்ல என்பதற்குச் சான்று. 1 கொரிந்தியர் 12:28-இல் 'ஆளுகைகள்' என்று வரும் சொல் மூலத்தில் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பதைக் குறிக்கும். முல்லைத்தீவுக் கரையில் அதற்கு விளக்கமே தேவையில்லை. சுக்கான் பிடிப்பவர் அணியத்தில் ஏறி நின்று கட்டளையிடுவதில்லை. பின்னால் இருந்து, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, சிறிது சிறிதாகத் திருப்புகிறார். கணக்கு எழுதுபவர், திருவிழாவில் பந்தல் முதல் தண்ணீர்த் தாங்கி வரை பொறுப்பெடுப்பவர் எல்லாரும் இதில் அடங்குவர். கைவினையும் இதற்கு வெளியே இல்லை. 'தேவ ஆவியினால் நிரப்பினேன்' என்று கடவுளே முதன்முதல் சொல்லும் ஆள், யாத்திராகமம் 31-இல் வரும் பெசலெயேல். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்தவர். மேசனும் தச்சரும் தையற்காரரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் இந்த வரியில் தங்கள் பெயரைக் காணலாம்.

உரோமையர் சொல்லும் அந்த ஏழில் வன்னிக்கு மிக வேண்டியது ஒன்று, மொழிபெயர்ப்பில் மிகவும் மங்கியதும் அதுவே. 'ஊக்கப்படுத்தல்' என்று மேலே எழுதியதைப் பழைய மொழிபெயர்ப்பு 'புத்திசொல்லுதல்' என்கிறது. மூலச்சொல்லுக்குப் பக்கத்தில் அழைத்து நிறுத்துதல், தேற்றுதல், உற்சாகப்படுத்துதல் என்று எல்லாப் பொருளும் உண்டு. 2 கொரிந்தியர் 1:3-இல் அதே வேர்ச்சொல்லை அதே மொழிபெயர்ப்பு 'ஆறுதல்' என்று தருகிறது. புத்திசொல்வதே கொடை என்று நினைத்ததால், 2009 போரில் பிள்ளைகளை இழந்த, இன்னும் காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்குப் போய், 'எல்லாம் தேவ சித்தம், அழக்கூடாது' என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய் அடுத்த தரம் கதவைத் திறக்கமாட்டாள். தேற்றும் கொடையுள்ளவர் பெரும்பாலும் குறைவாகப் பேசுவார். படத்துக்கு முன்னால் சேர்ந்து இருப்பார், பெயரைச் சொல்லிக் கேட்பார், ஆண்டுநாளை மறக்கமாட்டார்.

தமிழ் இந்த இடத்தில் நமக்குத் தாராளமாக உதவுகிறது. 'ஆற்றல்' என்றால் திறன். 'ஆற்றுதல்' என்றால் செய்தல், பொறுத்தல், தணித்தல், தேற்றுதல். "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்" என்று வள்ளுவர் செய்தல், திறன், பொறுத்தல் என்ற பொருள்களை ஒரே அடியில் கோத்துவைத்தார். பிறர் பசியை மாற்றுவதும் ஆற்றலே, தன் பசியைப் பொறுத்துத் தவம் ஆற்றுவோரின் ஆற்றல்கூட அதற்குப் பின்னால்தான் என்று அக்குறள் முடிகிறது.

இனி நடைமுறை. அறுபது குடும்பமுள்ள ஒரு கோவிலில் யாருக்கு எந்தக் கொடை என்று அறிவதெப்படி? வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் கூட்டும் வழக்கம் சில சபைகளில் உண்டு. அது பெரும்பாலும் பிழைக்கிறது, ஏனெனில் ஒருவருக்கு எது பிடிக்கும் என்பதையே அது அளக்கிறது. திறமைப் பட்டியலிலிருந்து தொடங்காமல் தேவைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். எந்த வீட்டில் நடக்கமுடியாதவர் இருக்கிறார், எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்ட முடியாமல் நிற்கிறது, கோவிற் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று இரண்டு ஞாயிறு கேட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இருவரை, முடிவுநாள் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். தவக்காலத்து நாற்பது நாள் இதற்கு நல்ல அளவு. முடிவுநாள் சொல்லாத வேலையை நம் ஊரில் பலர் தட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் பல ஆண்டு சுமக்கிறார்கள். நாள் முடிந்ததும் செய்தவரிடம் கேளாமல், பெற்றவரிடம் போய்க் கேளுங்கள்: அவர் வந்தது உதவியா, திரும்ப வரச்சொல்லவா? இரண்டு மூன்று வீடுகள் தாமாகவே ஒரே பெயரைச் சொன்னால் அங்கே கொடை இருக்கிறது. அதன்பின் பங்குத்தந்தையோ போதகரோ அதைச் சபைமுன் பெயர்சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். ஆவியை அவித்துப்போடாமலும் எல்லாவற்றையும் சோதித்தும் பார்க்கச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5:19-21, தலைவர்களுக்கு உள்ள இந்த இரட்டைக் கடமையைக் காட்டுகிறது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டின் 12-ஆம் பகுதியில், எளிய, பரவலான கொடைகளையும் நன்றியோடு ஏற்கச் சொன்னது.

கெட்டுப்போவது எங்கே? நன்றாகப் பாடுபவருக்கே வாசிப்பு, கணக்கு, இளைஞர் பொறுப்பு எல்லாம் போய்ச் சேர்கிறது. இரண்டு ஆண்டில் அவர் களைத்து ஒதுங்க, எல்லாம் ஒன்றாக நின்றுவிடுகிறது. பதவியைக் கொடை என்று எண்ணுவதால் பதவி போனதும் கோவிலுக்கு வருவதே நின்றுபோகிறது. காலையோ கண்ணையோ போரில் இழந்தவரைப் 'பெறுகிறவர்' பட்டியலில் மட்டும் எழுதிவிடுவது இவற்றில் மிகக் கொடியது. ஒருவரையும் விடாமல் அவனவன், ஒவ்வொருவர் என்றே பவுலும் பேதுருவும் எழுதினார்கள்.

எந்தச் சொல்லை எங்கே வைப்பது? காரிஸ்மாவுக்கு நேரான தமிழ் 'அருள்கொடை' என்பதே எம் துணிபு. கொடுத்தவர் யார் என்பதை 'அருள்' சொல்கிறது, ஈடின்றி வந்தது என்பதைக் 'கொடை' சொல்கிறது. 'வரம்' வழிபாட்டிலும் பாட்டிலும் வேரூன்றியது, இருக்கட்டும். போதிக்கும்போது 'கிருபைவரம்' என்று முழுதாகச் சொன்னால் தவத்தின் நிழல் விலகும். 'தாலந்து' உவமைப் பணத்துக்கு மட்டும் போதும், பிள்ளைகளின் போட்டிக்குத் 'திறமைப் போட்டி' என்றே எழுதலாம். செய்தித்தாள்களில் அரசியல்வாதிக்கு ஒட்டும் 'கரிஸ்மா'வுக்கு ஈர்ப்பு, ஆளுமைக் கவர்ச்சி என்பனவே பொருத்தம், அங்கே அருள்கொடை என்று எழுதக்கூடாது.

எழுத்து பற்றி ஒன்று. 'அருள்கொடை'யா, 'அருட்கொடை'யா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 'லள வேற்றுமையில் றடவும்' என்று தொடங்கும் நன்னூல் விதிப்படி, அருளினது கொடை என்று வேற்றுமையாக விரித்தால் ளகரம் டகரமாகி 'அருட்கொடை' ஆகும். அருளாகிய கொடை என்று விரித்தால் அது அல்வழி, இரண்டு வடிவமும் வரலாம். திருவிவிலியம் 'அருள்கொடை' என்றே அச்சிடுகிறது. வாசகம் வாசிப்பவர் அச்சிலுள்ளபடியே வாசிக்கட்டும். நோட்டீசிலும் மலரிலும் எதை எழுதினாலும் ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.