கோபுரத்தை மொட்டை மாடியாக்கும் கிட்டார்

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபேன் 1991-இல் வாங்கிய கிட்டாரை ஒரு கடைக்காரர் உங்கள் முன்னால் எடுத்து வைத்தால், பாதிப்பேர் 'வேற காட்டுங்க' என்றுதான் சொல்வார்கள். 1965-இல் செய்த ஃபெண்டர் ஜாகுவார். இடதுகைக்காரர்களுக்கானது. முன்பு வைத்திருந்த யாரோ, தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்களைப் பிடுங்கிவிட்டு வேறு கம்பெனிப் பிக்கப்களைப் பொருத்தியிருந்தார்கள். பழைய கிட்டார் சேர்ப்பவர்களுக்கு இது கோயில் சிலைக்கு எனாமல் பெயின்ட் அடித்த மாதிரி. ஆனால் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்த பிறகு நிர்வாணா குழு ஊர் ஊராகப் போனபோது கோபேன் தோளில் பெரும்பாலும் தொங்கியது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த எலெக்ட்ரிக் கிட்டார் எதுவென்று கேட்டாலும் இதையே சொல்வேன். நிர்வாணா வாசித்த கிரஞ்ச் என்ற ராக் இசைவகையின் சத்தம் ஏன் அப்படி உறுமுகிறது என்பதற்கான விடையில் முக்கால்வாசி இந்தப் பலகைக்குள் கிடக்கிறது.

முதலில் ஒரு சின்ன வரலாறு. 1962-இல் வந்தபோது ஜாகுவார்தான் ஃபெண்டரின் விலையுயர்ந்த கிட்டார். அதற்கு நான்கு வருடம் முன்பு வந்த ஜாஸ்மாஸ்டரை ஜாஸ் கலைஞர்களுக்கு என்று செய்தார்கள்; ஜாஸ் கலைஞர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1964-இல் வந்த மஸ்டாங், கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கானது. எழுபதுகளில் இவற்றின் மவுசு போயிற்று. 1975-இல் ஜாகுவார் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். எண்பதுகளில் அமெரிக்க அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் இவை மலிவாகக் கிடைத்தன. சியாட்டில் பக்கத்தில் காசில்லாமல் குழு தொடங்கிய இளைஞர்கள் கைக்கு எட்டியதை வாங்கினார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வாங்கிய கிட்டாரை எவற்றோடு இணைத்தார்கள் என்பதில்தான் அறிவியல் ஆரம்பிக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் மேல்பலகையில் பதிந்திருக்கும் பிக்கப், மைக் மாதிரி காற்றைக் கேட்பதில்லை. உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே போகும் தந்தி இரும்பு கலந்தது என்பதால் காந்தத்தின் அருகே இருக்கும்போது அதுவும் லேசாகக் காந்தமாகிவிடும். தந்தி ஆடினால் சுருளுக்குள் காந்தப்புலம் ஆடும். புலம் ஆடினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளியில் படித்த அதே ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான். கிடைப்பது ஒரு வோல்ட்டின் சிறு பகுதி. நைலான் தந்தியைக் கட்டிப் பாருங்கள், பிக்கப் ஊமையாகிவிடும்.

இந்தச் சின்ன சிக்னலை அப்படியே பெரிதாக்கினால் மணி போன்ற தெளிவான ஒலி வரும். கிரஞ்ச் ஆட்கள் நடுவில் ஒரு பெடலை வைத்தார்கள். காலால் மிதித்தால் வேலை செய்யும் ஒரு சின்ன டப்பா. கோபேன் பயன்படுத்தியவற்றில் ஒன்று, ஜப்பானிய பாஸ் கம்பெனியின் ஆரஞ்சு நிற டி.எஸ்.1. உள்ளே நடப்பது இரண்டே வேலை. முதலில் சிக்னலை நூற்றுக்கணக்கான மடங்கு ஊதிப் பெருக்கும். அப்புறம் வழியில் இரண்டு சிலிக்கான் டையோடுகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கும். மின்னழுத்தம் சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டியதும் டையோடு திறந்து, மிச்சத்தைத் தரைக்குத் தள்ளிவிடும். மேலே எவ்வளவு உயரம் போக நினைத்தாலும் அலைக்கு அங்கேயே வெட்டு. கோபுரமாக எழுந்த அலை மொட்டை மாடியாக வெளியே வரும்.

உச்சியைச் சீவினால் காதுக்கு ஏன் வேறு மாதிரி கேட்கிறது? வளைவான அலையில் திடீர் மூலைகள் கிடையாது. மொட்டை மாடிக்கு மூலைகள் உண்டு. மூலையை உண்டாக்க வேகமாக ஆடும் அலைகள், அதாவது மேற்சுரங்கள் வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஆடும் ஓர் எளிய அலையை மேலும் கீழும் சமமாகச் சீவினால் 300, 500, 700 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாக முளைக்கும். தந்தியில் இல்லாத ஒலி டப்பாவில் பிறக்கிறது. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஜீவா நூலைச் செருகி நகர்த்துவார்களே, ஒரு இடத்தில் 'ஜிய்ங்' என்று ஒலி பூக்கும். அங்கேயும் மேற்சுரங்களைத்தான் கிளப்பிவிடுகிறார்கள். அது பட்டு, இது சாக்குத்துணி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட முரட்டுத்தனமான டப்பாவும் இருந்தது. சியாட்டிலின் மட்ஹனி குழு 1988-இல் வெளியிட்ட தட்டுக்கு 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்' என்று பெயர் வைத்தது; இரண்டும் பெடல்களின் பெயர்கள். இவற்றில் யூனிவாக்ஸ் சூப்பர் ஃபஸ் செய்யும் காரியம் எனக்குப் பிடித்தமானது. அலை எப்போதும் மேலும் கீழுமாகப் போகும், இல்லையா? ஒரு தாளில் அலையை வரைந்து, நடுக்கோட்டில் மடித்து, கீழ்ப்பாதியை மேலே கொண்டுவாருங்கள். ஒரு மேடு இருந்த நேரத்தில் இப்போது இரண்டு மேடுகள். அதிர்வெண் இரட்டிப்பு, அதாவது மேல் ஸ்தாயி. மொபைல் சார்ஜருக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் செய்யும் அதே மடிப்புதான். சார்ஜரில் அதற்கப்புறம் அலையை இழைத்துச் சமமாக்குவார்கள். இங்கே சொரசொரப்பாகவே விட்டுவிடுவார்கள்.

சரி, டப்பாவை மிதித்தாயிற்று. இப்போதுதான் தொல்லைகள் வரிசையாக வரும். என் பார்வையில் கிரஞ்ச் கிட்டாரின் தனி அடையாளங்கள் பலவும் இந்தத் தொல்லைகளுக்குக் கண்ட வழிகள்.

முதல் தொல்லை 'ம்ம்ம்' என்ற முனகல். வீட்டு மின்சாரம் அமெரிக்காவில் வினாடிக்கு 60 தடவை, நம் ஊரில் 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. சுவருக்குள் ஓடும் வயர், டியூப்லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே தம் காந்தப்புலத்தை அறைக்குள் பரப்பிக்கொண்டிருக்கும். பிக்கப் ஒரு கம்பிச்சுருள்; புலத்தை ஆட்டுவது தந்தியா டியூப்லைட்டா என்று அதற்குத் தெரியாது. தெளிவான ஒலியில் இந்த முனகல் அடியில் கிடக்கும், பெரிதாகத் தெரியாது. பெடல் நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கினால் முனகலும் அத்தனை மடங்கு. வாசிப்பை நிறுத்திய அடுத்த நொடி அறை முழுக்க வண்டு. ஃபெண்டர்காரர்கள் ஜாகுவாரின் ஒற்றைச்சுருள் பிக்கப்பைச் சுற்றிப் பல்வைத்த இரும்புப் பட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அதனால் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

இதற்கான மருந்தை 1955-இலேயே கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். இரண்டாவதன் இணைப்பு முதலாவதற்கு நேர் எதிர்த்திசையில். கூடவே இரண்டாவதன் காந்தமும் தலைகீழ். முனகல் வெளியிலிருந்து வருவது. பிக்கப்பின் காந்தம் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே ஒரு சுருளில் கூட்டலாகவும் மறு சுருளில் கழித்தலாகவும் பதிந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் சிக்னல் காந்தத்தைச் சார்ந்தது. இரண்டாம் சுருளில் அது காந்தத்தால் ஒருமுறை புரள்கிறது, இணைப்பால் இன்னொரு முறை புரள்கிறது. 'இல்லாமல் இல்லை' என்றால் இருக்கிறது என்றுதானே பொருள்? அதே கணக்கு. முனகல் போய்விடும், இசை கூடும். பெயரே ஹம்பக்கர், முனகலை முறிப்பது.

கோபேனின் ஜாகுவாரில் முன்னவர் பொருத்தியிருந்தது இந்த வகைதான். இரண்டுமே டிமார்ஸியோ கம்பெனி ஹம்பக்கர்கள். பிரிட்ஜ், அதாவது கிட்டாரின் குதிரை, அதன் பக்கம் இருந்ததன் பெயர் சூப்பர் டிஸ்டார்ஷன். நிறையச் சுற்றுகளும் வலுவான செராமிக் காந்தமும் கொண்டது. சுற்று கூடினால் சிக்னல் வலுக்கும், பெடலைச் சீக்கிரம் வெட்டுக்குத் தள்ளும். இன்னொரு பலனும் உண்டு. சுருள் பெரிதானால் அது மிக உயர்ந்த அதிர்வெண்களை வடித்துவிடும். ஒற்றைச்சுருளின் 'டிங்' என்ற கூர்மையோடு டையோடு வெட்டும் சேர்ந்தால் காதில் ஊசி குத்தும். ஹம்பக்கர் அந்த ஊசியை முன்கூட்டியே மழுக்கி அனுப்பியது.

இரண்டாவது தொல்லை இன்னும் சுவாரசியம். பெடலை மிதித்துவிட்டு முழு மேஜர் கார்டு ஒன்றை, அதாவது ச–க–ப மூன்றையும் சேர்த்து, வாசித்துப் பாருங்கள். கூழாகிவிடும். காரணம், டையோடு அலைகளைத் தனித்தனியாக வெட்டுவதில்லை. மொத்தமாகக் கூட்டி வெட்டும். அப்போது உள்ளே போன அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். நம் சங்கீதத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஷட்ஜம் 100 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 150. கழித்தால் 50, கூட்டினால் 250. 50 கீழ் ஸ்தாயி ஷட்ஜம். 250 மேலே இருக்கும் அந்தர காந்தாரம். எல்லாமே உறவுக்காரர்கள். ச–ப மட்டும் வாசித்தால் டையோடு கேட்காமலேயே கீழே ஒரு ஷட்ஜத்தைச் சேர்த்துத் தருகிறது. இரண்டு விரல்தான் வைத்திருப்பீர்கள், சுவர் அதிரும்.

நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால்? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்கள், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம சுருதிப் படிகளாகப் பிரித்த கணக்கில் பதிக்கப்பட்டவை என்பதால் அதில் கிடைப்பது 125 அல்ல, ஏறக்குறைய 126. ச–க கழித்தால் 26. க–ப கழித்தால் ஏறக்குறைய 24. ஒன்றாக விழ வேண்டிய இரண்டும் விலகி நின்று ஒன்றோடொன்று மோதுகின்றன. இதே மோதல் மேலே உள்ள மேற்சுரங்களிலும் நடக்கும். பஞ்சமத்தில் ஃப்ரெட்டின் பிழை மிகமிகச் சிறிது, அதனால் அது தப்பித்துவிடுகிறது. ஆக, காந்தாரத்தைத் தூக்கிவிட்டு ச–ப மட்டும் வாசித்தார்கள். இதற்குப் பவர் கார்டு என்று பெயர். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் புகழ்பெற்ற தொடக்கம் எஃப், பி ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் என்ற நான்கு பவர் கார்டுகளின் மேல் நிற்கிறது. சோம்பேறித்தனம் என்று அப்போது சிலர் ஏளனம் செய்தார்கள். டையோடுக்கு முன்னால் அதுதான் இலக்கணம்.

மூன்றாவது தொல்லை: மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் மொட்டை மாடியின் உயரம் ஒன்றே. கையால் சத்தத்தை ஏற்றி இறக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அதனால் அந்த வேலையைக் கால் எடுத்துக்கொண்டது. சரணத்தில் பெடல் அணைந்திருக்கும், இரண்டு சுரம் தனியாகச் சொட்டும்; பல்லவி வரும்போது ஒரு மிதி. கிரஞ்ச் என்றாலே நினைவுக்கு வரும் அந்த அமைதி–வெடிப்பு அமைப்பு அதற்கு முன்பே பிக்ஸீஸ் போன்ற குழுக்களிடம் இருந்ததுதான். ஆனால் அதைப் பெடலின் சுவிட்ச் எவ்வளவு எளிதாக்கியது என்பது மிதித்துப் பார்த்தால்தான் புரியும்.

தந்திகளுக்கு வருவோம். ஜாகுவாரிலும் பெரும்பாலான மஸ்டாங்குகளிலும் தந்தி அதிரும் நீளம் 24 அங்குலம். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 25.5. ஒரே தந்தியை ஒரே சுரத்துக்குக் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒன்றரை அங்குலம் குறைந்ததற்கு இழுவிசை 11 சதவீதம் குறைகிறது. சவுண்ட்கார்டன், மெல்வின்ஸ் போன்ற குழுக்கள் செய்ததுபோல தடித்த தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் இன்னும் 20 சதவீதம் போச்சு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஏறக்குறைய 8 கிலோ இழுவிசையில் நிற்கும் தந்தி, ஜாகுவாரில் டி-க்கு இறக்கியதும் ஐந்தரை கிலோ சொச்சத்துக்கு வந்துவிடும். தளர்ந்த தந்தியை ஓங்கி அடித்தால் அது அகலமாக வீசி, ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். அடித்த கணத்தில் தந்தி நீள்வதால் சுருதி சற்று மேலேறி, பிறகு வழுக்கித் தன் இடத்துக்கு இறங்கும். இறுக்கமான தந்தியில் இந்த வழுக்கல் காதில் படாது. தளர்ந்ததில், அதுவும் பெடல் வழியாக, 'ட்வாங்' என்று தெரியும். பல குழுக்களின் ஒலியில் இருக்கும் அந்தச் சோர்ந்த, சேற்றில் கால் வைத்த மாதிரியான கனத்தில் இதற்கும் பங்குண்டு.

இதே தளர்வால்தான் ஜாகுவாரின் பழைய பிரிட்ஜ் கெட்ட பெயர் வாங்கியது. அதில் தந்தி மிகச் சின்னக் கோணத்தில் மடிந்து போவதால் கீழ்நோக்கிய அழுத்தம் குறைவு. ஓங்கி அடித்தால் தந்தி தன் பள்ளத்தை விட்டுப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும். கோபேனின் கிட்டாரில் பிரிட்ஜும் மாற்றப்பட்டிருந்தது. அவர் வாசித்த வாசிப்புக்கு அது இல்லாமல் ஒரு பாட்டுகூடத் தாண்டியிருக்காது.

1993-இல் ஃபெண்டர் நிறுவனத்தோடு சேர்ந்து கோபேன் தனக்கென்று ஒரு கிட்டாரை வடிவமைத்தார். ஒரு ஜாகுவாரின் போலராய்டு படத்தையும் ஒரு மஸ்டாங்கின் படத்தையும் கத்தரியால் வெட்டி ஒட்டினார். இரண்டின் பாதி உடலும் சேர்ந்த அந்த உருவம்தான் ஜாக்-ஸ்டாங். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், கழுத்துப் பக்கம் ஒற்றைச்சுருள். வெடிக்க ஒன்று, சொட்ட ஒன்று. 1994-இல் அவர் இறந்த பிறகுதான் அது கடைக்கு வந்தது.

என்னிடம் இருக்கும் மலிவு கிட்டாரிலும் இதே ஏற்பாடுதான். பெடல் எரியும்போது மறந்துபோய்க் கழுத்துப் பக்கத்துக்குச் சுவிட்சைத் தட்டிவிட்டால் 50 ஹெர்ட்ஸ் வண்டு திரும்ப வந்துவிடும். அதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. சுருளின் வாய், காந்தப்புலம் வரும் திசையைப் பார்த்திருந்தால்தான் முனகல் முழுதாகப் பதியும். பக்கவாட்டில் திரும்பினால் மங்கும். நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் சட்டென்று அடங்கும். என் அறையில் அந்தக் கோணம் துணி அலமாரிக்கு நேராக அமைந்துவிட்டது. அதனால் நான் வாசிப்பதெல்லாம் அலமாரிக்குத்தான்.