குழந்தையும் செல்போன் அலையும்: சட்டம் போட்ட எல்லை எது, பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளிக்கூடத்துக்கு எதிரே செல்போன் டவர் எழும்பினால் பெற்றோர் பதறுவது இயல்பு. வகுப்பறையில் வைஃபை ரவுட்டர் மாட்டினாலும் அதே பதற்றம்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இந்தக் கேள்விக்கென்றே பெரும்பாலான நாடுகளில் விதி இருக்கிறது. அது என்ன என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் என்ன கேட்பது என்பதும் தெரியும்.

பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை ஒன்றே. அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1998இல் வகுத்து, 2020இல் புதுப்பித்த வழிகாட்டி நெறி அது. அயனியாக்காத கதிர்வீச்சு என்றால், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் வலு இல்லாத அலை. செல்போனும் வைஃபையும் பயன்படுத்தும் ரேடியோ அலை அந்த வகைதான். ரேடியோ அலை உடலில் செய்வதாக உறுதியாக நிறுவப்பட்ட முக்கிய விளைவு சூடேற்றுவது. உடலின் உள்வெப்பம் 1 டிகிரி செல்சியஸ்கூட ஏறிவிடக் கூடாது என்பதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. அதற்காக, உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சுவதை வரம்பாக வைத்தார்கள். டவரில் ஏறி வேலை பார்ப்பவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. பொதுமக்களுக்கோ ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.08 வாட். பொதுமக்கள் என்ற கணக்கில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் நோயாளியும் அடக்கம். தாங்கள் அலைக்கு நடுவே இருக்கிறோம் என்பதே தெரியாதவர்கள் என்பதால்தான் அவர்களுக்கு இவ்வளவு கடுமையான அளவு.

இது முழு உடலுக்கான எல்லை. காதில் வைத்துப் பேசும் செல்போனுக்குத் தனி அளவு உண்டு. திசு கிலோவுக்கு எவ்வளவு அலைச்சக்தியை உறிஞ்சுகிறது என்ற கணக்கை எஸ்.ஏ.ஆர். என்பார்கள். தலையிலும் உடலிலும் 10 கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்தால் கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளின் கணக்கு. அமெரிக்காவும் இந்தியாவும் 1 கிராம் திசுவுக்கே சராசரி எடுத்து 1.6 வாட் என்று வைத்திருக்கின்றன. சின்ன இடத்தில் சராசரி எடுக்கும்போது ஓரிடத்தில் குவியும் சூடு கணக்கில் கரைந்துபோகாது. அதனால் இது கொஞ்சம் கறாரான அளவு.

இந்த எண்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் பிரான்ஸின் அலைவரிசை முகமை ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது. கைகால்களுக்கான எல்லை 4 வாட். சோதனையில் வந்ததோ 5.74. ஆப்பிள் நிறுவனம் அந்த நாட்டுக்கென மென்பொருளை மாற்றித் தர வேண்டியதாயிற்று. கடைக்கு வந்துவிட்ட போனையும் அரசு வாங்கிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, குழந்தையின் தலை சின்னது, மண்டையோடு மெல்லியது, அதற்கும் இதே எல்லை போதுமா? நியாயமான கேள்வி இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலையைப் பரிசீலித்தபோது இதைக் கவனித்தது. ஒரே போனில் பேசினாலும் பெரியவர்களைவிடக் குழந்தையின் மூளைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கும், மண்டையோட்டு மஜ்ஜைக்குப் பத்து மடங்கும் அலை போகலாம் என்றது. ரேடியோ அலையை ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது’ என்ற 2பி பிரிவிலும் சேர்த்தது. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைவு, ஆனால் தள்ளிவிடவும் முடியவில்லை என்பது அதன் பொருள்.

அதற்குப் பிறகு 14 நாடுகளில், 10 முதல் 24 வயது வரையுள்ளவர்களிடம் நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்டு 2024இல் வெளியான தொகுப்பாய்வும் அதையே சொன்னது. இதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை இத்தனை நாள் போனில் பேசிவிட்டதே என்று யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

ஆனாலும் முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளுக்கென்றே விதி போட்ட நாடுகள் உண்டு. பிரான்ஸின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் காப்பகத்தில் தூங்கும், விளையாடும் இடங்களில் வைஃபை கூடாது. தொடக்கப் பள்ளியில் பாடத்துக்குத் தேவையில்லாத நேரத்தில் அதை அணைத்துவைக்க வேண்டும். ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே தயாரித்த செல்போனை விற்பதற்கு பெல்ஜியம் 2014இல் தடை போட்டது. கடையில் எஸ்.ஏ.ஆர். எண்ணை வாங்குபவருக்குத் தெரியும்படி காட்டவும் சொன்னது.

இனி டவர். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச எல்லையில் பத்தில் ஒரு பங்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டவர் அலையை உடல் உறிஞ்சுவதை வைத்து அல்லாமல், ஓரிடத்தில் வந்து விழும் சக்தியை வைத்து அளப்பார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சர்வதேச அளவு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்றால் இங்கே 0.45 வாட். டவருக்கு நேர் கீழே இருப்பதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆன்டெனாவின் அலையோ கலங்கரை விளக்கின் ஒளிபோலப் பக்கவாட்டில் நீண்டு, தள்ளிப் போய்த்தான் தரையைத் தொடும். அதனால் அடிவாரத்தைவிட, ஆன்டெனாவுக்கு நேரெதிரே அதே உயரத்தில் இருக்கும் மாடியிலும் மொட்டைமாடியிலும் அளப்பதே முக்கியம். அளக்க வருபவரை அங்கே கட்டாயம் அழைத்துப் போங்கள்.

அளந்து தரும்படி பொதுமக்கள் கேட்க வழி உண்டு. பிரான்ஸில் விண்ணப்பித்தால் வீட்டுக்கே வந்து இலவசமாக அளக்கிறார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளம் இதற்காகத் தொடங்கப்பட்டது. மனுவில் ‘டவரை அகற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். எந்த இடம், எந்த மாடி, ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது, அங்கே அளந்த அளவு என்ன, சட்ட எல்லையில் அது எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பதிலும் எண்ணாக வர வேண்டியிருக்கும்.

போனின் எஸ்.ஏ.ஆர். எண்ணைப் பார்க்கப் பல போன்களில் *#07# அழுத்தினால் போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அது போன் முழுச் சக்தியில் இயங்கும்போது எடுத்த உச்ச அளவு. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் அதில் சிறு பங்கைத்தான் வெளியிடும். லிஃப்டிலும் ஓடும் ரயிலிலும் சிக்னல் தேடி சக்தியைக் கூட்டும். அந்த நேரத்தில் குழந்தையின் காதில் போனை வைக்காமல் இருப்பது, 1.1 போனா 0.9 போனா என்று ஆராய்வதைவிடப் பலன் தரும்.

தூரம்தான் பெரிய பாதுகாப்பு. தாத்தா பாட்டியோடு பேசும்போது ஸ்பீக்கரில் போடலாம். படம் பார்க்கக் கேட்டால் முன்பே இறக்கிவைத்து, ஏரோபிளேன் மோடில் கொடுக்கலாம். ரவுட்டர் தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், அது போதும். பள்ளியில் கேட்பதானால் இரண்டே கேள்விகள்: ரவுட்டர் பிள்ளைகள் உட்காரும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மழலையர் வகுப்பில் அது எதற்காக எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அணைத்துவைக்கச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு.