பர்ஜ்னா என்ன? தமிழ்ல எப்படி சொல்லலாம்?

டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு சாஃப்ட்வேரை எடுத்துப் போடுற ஆப்ட் ரிமூவ் கட்டளை தெரியும், ஆனா ஆப்ட் பர்ஜ்னு ஒண்ணு தனியா எதுக்குன்னு கேட்டா நிறைய பேர் முழிப்பாங்க. ரிமூவ் போட்டா புரோகிராம் மட்டும்தான் போகும், எட்சி (/etc) ஃபோல்டர்ல இருக்குற அதோட கான்ஃபிக் ஃபைல், அதாவது செட்டிங் ஃபைல், அப்படியே கிடக்கும், ஆப்ட்டுக்கு அடியில பேக்கேஜ் கணக்கு வச்சிருக்குற டிபிகேஜியோட லிஸ்ட்ல "ஆர்சி"னு வர்ற வரி எல்லாம் இந்த மிச்சம்தான். மறுபடி இன்ஸ்டால் பண்ணா பழைய செட்டிங் திரும்ப கிடைக்கட்டுமேன்னு வேணும்னே விட்டு வைக்கிறது அது. பர்ஜ் அதையும் சேர்த்து தூக்கிடும்.

பர்ஜ் லத்தீன்ல பூர்காரேங்கிற வினைலேர்ந்து வந்தது, சுத்தப்படுத்துறதுன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள நுழைஞ்சுது. பேதி மருந்தை பர்கேட்டிவ்னு சொல்றதும், கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம்னு சொல்ற பர்கேட்டரியும் இதே குடும்பம்தான். சோவியத் தலைவர் ஸ்டாலின் 1930கள்ல கட்சிக்குள்ள ஆளுங்களை ஒழிச்சதுக்கும் பர்ஜ்னுதான் பேரு.

தமிழ்ல "சுத்திகரி"னு போடலாம், ஆனா அதைக் கேட்டா தண்ணி சுத்திகரிப்பு நிலையம்தான் ஞாபகம் வருது. "முழுமையாக நீக்கு" தப்பில்ல, மெனுவுல எழுத கொஞ்சம் நீளம். என்னைக் கேட்டா ரிமூவுக்கு "நீக்கு", பர்ஜுக்கு "களை". குற்றம் களைதல், ஐயம் களைதல்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்குற வினைதானே.

பேரு பெருசா இருந்தாலும் பர்ஜ் எல்லாத்தையும் களையாது, உங்க ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்சு ஆரம்பிக்கிற மறைவு ஃபைல்கள் பக்கம் அது போகவே போகாது, நீங்களா கையால சேர்த்த வெளி ரெப்போவும் (சாஃப்ட்வேர் இறக்குற இடம்) அதோட சாவி ஃபைலும் நீங்களேதான் அழிக்கணும். இன்னொரு பக்கம் போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை பர்ஜ் பண்ணா டேட்டாபேஸையும் அழிக்கவான்னு கேட்கும், அங்க யோசிக்காம ஓகே தட்டிடாதீங்க!

ஆப்ட் இல்லாம சோர்ஸ் கோட்லேர்ந்து நீங்களே மேக் இன்ஸ்டால் கட்டளை போட்டு யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) ஃபோல்டர்ல இறக்குனது இருக்கே, அது டிபிகேஜி கணக்குலயே வராது, அதனால பர்ஜும் அங்க செல்லாது. மேக் அன்இன்ஸ்டால் வேலை செய்யுமான்னா அது எழுதுனவர் அந்த வசதியை வச்சாரா இல்லையாங்கிறதைப் பொறுத்தது. அதுக்குத்தான் குனு ஸ்டோன்னு ஒரு கருவி இருக்கு, யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள ஸ்டோன்னு ஒரு ஃபோல்டர் போட்டு ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் அதுல தனித்தனியா இறக்கிட்டா, பின் (bin), லிப் (lib) ஃபோல்டர் எல்லாத்துலயும் சிம்லிங்க், அதாவது அசல் ஃபைலைக் காட்டுற லிங்க், மட்டும் அந்தக் கருவி போட்டுக் கொடுக்கும். வேணாம்னா ஸ்டோவை பெரிய எழுத்து டி (-D) ஆப்ஷனோட ஓட்டுனா லிங்க் எல்லாம் கழண்டுடும், அப்புறம் அந்த ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணா போதும்.