கட்டியை எடுத்த பிறகு எதை அளப்பது?

மார்பகக் கட்டியை அறுவைச் சிகிச்சையில் முழுமையாக அகற்றிய பின்னும் பல பெண்களுக்குக் கீமோதெரபி தரப்படுகிறது. கட்டி கண்டறியப்படுவதற்கு முன்பே அதிலிருந்து பிரிந்த சில செல்கள் இரத்தத்தின் வழியாக எலும்பிலோ கல்லீரலிலோ நுரையீரலிலோ போய்த் தங்கியிருக்கக்கூடும் என்பதே காரணம். எந்த ஸ்கேனிலும் தென்படாத அச்செல்களுக்காகத்தான் மருந்து. கட்டி உடலில் இருந்தால், அது சுருங்குவதைக் கொண்டு மருந்து வேலை செய்கிறதா என்று அறியலாம். கட்டியே இல்லாத உடலில், நோய் திரும்பாமல் இருப்பதற்கு மருந்து காரணமா, அறுவையே போதுமானதாக இருந்ததா என்பதை ஒரு பெண்ணை மட்டும் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆகவே ஏராளமான பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, எந்தப் பிரிவில் நோய் குறைவாகத் திரும்புகிறது என்று எண்ண வேண்டியிருக்கிறது.

இத்தாலியின் மிலான் நகரில் ஜியான்னி பொனதோன்னாவின் குழு 1976-இல் வெளியிட்ட ஆய்வில், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்த பெண்கள் இடம்பெற்றனர். அறுவை மட்டும் செய்துகொண்ட 179 பேரில் 24 விழுக்காட்டினருக்கு 27 மாதங்களில் நோய் திரும்பியிருந்தது. சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்ஸேட், ஃபுளூரோயுராசில் ஆகிய மூன்றையும் பெற்ற 207 பேரில் அது 5.3 விழுக்காடு. இவ்வளவு தெளிவான பலன் தெரிந்த பிறகு, இத்தகைய பெண்களுக்கு மருந்தே தராமல் ஒப்பிடுவது அறமாகாது. அதனால் அடுத்தடுத்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு திட்டத்தை இன்னொரு திட்டத்தோடு ஒப்பிட்டன. வேறுபாடு சிறுத்தது, தேவைப்படும் பெண்களின் எண்ணிக்கை பெருகியது.

ஒரு திட்டம் என்பது மருந்துகளின் பெயர் மட்டுமன்று; அளவு, சுற்றுகளின் எண்ணிக்கை, இடைவெளி, வரிசை எல்லாம் சேர்ந்ததே திட்டம். இவற்றில் எதை மாற்றி, எதை மாற்றாமல் வைத்தார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் படிப்பது தவறான புரிதலுக்கே இட்டுச்செல்லும். அமெரிக்காவில் நடந்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகக் கருதுகிறேன். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, பேக்லிடாக்செல் ஆகியவற்றை அளவும் சுற்றும் மாறாமல், ஒரு பிரிவினருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் மற்றொரு பிரிவினருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் தந்தனர். நான்கு ஆண்டுகளில் நோயின்றி இருந்தோர் முன்னதில் 75, பின்னதில் 82 விழுக்காடு. புற்றுச்செல்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது விரைந்து பெருகுகின்றன. ஒரு சுற்றில் தப்பியவை மீண்டும் பெருகுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிட வேண்டும் என்பதே இதன் பின்னுள்ள கருத்து. இடைவெளியைக் குறைத்தால் இரத்த வெள்ளையணுக்கள் மீள நேரம் போதாது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டி அவற்றைப் பெருக்கும் ஊசி வந்த பிறகே இது பாதுகாப்பாக இயன்றது. பின்னர் 26 ஆய்வுகளில் பங்கேற்ற 37,298 பெண்களின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டபோது, பத்தாண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு 31.4-இலிருந்து 28 விழுக்காடாகக் குறைந்தது தெரிந்தது.

நெருக்கமாகத் தருவது வேறு, மிகுதியாகத் தருவது வேறு. 1990-களில், எலும்பு மஜ்ஜையே அழியுமளவு மருந்தைக் கொடுத்து, முன்பே எடுத்து வைத்த, இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச்செல்களைத் திரும்பச் செலுத்தும் முறையில் பலர் நம்பிக்கை வைத்தனர். குலுக்கல் ஆய்வுகளில், அந்தக் கடும் துன்பத்துக்கு ஈடாக ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை.

மருந்தின் பாதிப்பைக் குறைக்க முயலும் எதிர்த்திசை ஒப்பீடுகளும் அதே அளவு முக்கியமானவை. டாக்ஸோரூபிசினின் மொத்த அளவு கூடக்கூட இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து ஏறுகிறது. அதற்குப் பதிலாக டோசிடாக்செலைச் சேர்த்து 1,016 பெண்களிடம் ஒப்பிட்டபோது, ஏழாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தோர் டாக்ஸோரூபிசின் பிரிவில் 82, டோசிடாக்செல் பிரிவில் 87 விழுக்காடு.

ஒரு திட்டம் நோய் திரும்புவதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் வாய்ப்பு 30 விழுக்காடாக உள்ள நூறு பேரில் பத்துப் பேர் பயன் பெறுவர். 6 விழுக்காடாக உள்ள நூறு பேரில் இருவர்தான், பக்கவிளைவோ நூறு பேருக்கும். ஆகவே கீமோதெரபியே தேவையா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. நிணநீர்க் கணுவுக்குப் பரவாத, ஹார்மோனைச் சார்ந்து வளரும், செல்களை வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் மிகாத கட்டியுள்ளவர்களிடம் கட்டியின் 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண் இட்டு, அதில் நடுத்தர மதிப்பெண் பெற்ற 6,711 பெண்களை ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளியானது. ஒன்பது ஆண்டுகளில் நோயின்றி இருந்தோர், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 83.3 விழுக்காடு, கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களில் 84.3 விழுக்காடு. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு மட்டும் கீமோதெரபியால் ஓரளவு பயன் தெரிந்தது. அதில் ஒரு பகுதி, மருந்து சூலகத்தின் இயக்கத்தை ஒடுக்கி மாதவிடாயை நிறுத்துவதால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.