மோர்னிங் குளோரி: அடம்பனா, தாளியா?

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளியில் கடற்கரைத் துப்புரவுக்குக் கூடியவர்களிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். பொலித்தீன், போத்தல், அறுந்த வலை என்று போன பட்டியலின் கடைசியில் 'ஆக்கிரமிப்புக் காலை மகிமைக் கொடிகள்' என்றும் இருந்தது. இரண்டு பொடியன்கள் ஊதாப் பூவோடு மணலில் ஓடிக் கிடந்த கொடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். மீனவர் குடிசையான வாடியின் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பி வந்துவிட்டார். "அது அடம்பன் தம்பி. அதைப் புடுங்கினா மணல் முழுக்க வாடிக்குள்ள வந்திரும்."

'காலை மகிமை' என்று எழுதியவர் 'மோர்னிங் குளோரி'யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார். அது ஒரு தனிச் செடியின் பெயரே இல்லை. விடியலில் விரிந்து, வெயில் ஏறச் சுருங்கிவிடும் புனல் போன்ற பூக்களைக் கொண்ட பல கொடிகளுக்கு ஆங்கிலத்தார் வைத்த பொதுப்பெயர். ஜப்பானியர் இதே வகைக் கொடியொன்றை 'அசகாவோ', அதாவது காலை முகம், என்பார்கள். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட பேரினப் பெயர் இப்போமியா. கிரேக்கத்தில் 'இப்ஸ்' என்றால் புழு, 'ஹொமொயொஸ்' என்றால் ஒத்தது. சுருண்டு ஏறும் தண்டு அவருக்குப் புழுவாகத் தெரிந்திருக்கிறது! இந்தப் பேரினத்தில் 600க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

தமிழ் இவற்றை ஒரே பெயரில் கட்டவில்லை. கடற்கரைக் கொடி சங்கப் பாட்டில் 'அடும்பு', நம்மூரில் அடம்பன். குறுந்தொகை 243ஆம் பாட்டு அதன் இலையை 'மானடி அன்ன கவட்டிலை' என்கிறது. நுனி பிளந்த அந்த இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் குளம்பு தெரியும். இலத்தீன் பெயர் 'பெஸ் காப்ரே', ஆட்டுக்கால். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான் மேயும் ஊர்க்காரருக்கு மானடியே பொருத்தம். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிணைத்துக் கிடப்பது இந்தக் கொடி. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது சும்மா வந்த பழமொழி இல்லை.

குளத்தில் படரும் இனம் வள்ளை. சந்தையில் கங்குன் என்று கட்டுக்கட்டாய் வாங்கிச் சுண்டுகிறோமே, அதுதான். அமெரிக்காவில் அது அரசு தடைசெய்த களைகளில் ஒன்று! வத்தாளங்கிழங்கும், அதாவது சர்க்கரைவள்ளிக்கிழங்கும், இப்போமியாவே.

வேலியில் ஏறும் கொடிக்குத் தாளி என்ற பழைய பெயர் இருக்கிறது. குறுந்தொகை 104இல் பனிக்காலை மாடு மேய்வது 'தாளித் தண்பவர்', குளிர்ந்த தாளிக்கொடி. தோட்டத்துக்கென்று கொண்டுவந்த நீலப்பூக் கொடியை நீலத்தாளி என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். மோர்னிங் குளோரிக்குப் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் என் தெரிவு தாளிதான். அடம்பனையும் வள்ளையையும் அதற்குள் இழுக்கக் கூடாது.

'ஆக்கிரமிப்பு' என்பதை எங்கள் மாவட்டத்தில் செடிக்குச் சொல்ல நாக்குக் கூசுகிறது. அது காணியோடு ஒட்டிய சொல். 'வந்தேறி' இன்னும் மோசம். 'அயற்களை' எனலாம், ஆனால் மிளகாயும் வத்தாளையும்கூட அமெரிக்காவிலிருந்து வந்தவைதானே. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்தபின் மற்றதை மூடி வளர்கிறதா என்பதே பிரச்சினை. அதனால் 'பரவற்களை' என்று எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்குப் பொருத்தமானது நெய்வேலிக் காட்டாமணக்கு. வெப்பமண்டல அமெரிக்கச் செடி; தமிழ்நாட்டில் வாய்க்கால், குளக்கரை எங்கும் புதராய் நிற்பது. ஆமணக்குக்கும் இதற்கும் உறவில்லை, இதுவும் இப்போமியாதான். இளஞ்சிவப்புப் பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும். இலையில் நஞ்சு உண்டு. தின்று பழகிய ஆடு அதையே தேடிப் போகும், பிறகு கால் நடுங்கும். வெட்டி ஈரத்தில் போட்டால் ஒவ்வொரு துண்டும் துளிர்க்கும். ஆகையால் வெயில் காலத்தில் வேரோடு கிளப்பி, தண்ணீரை விட்டுத் தள்ளிக் காய்ந்த மேட்டில் குவித்து உலரவிட வேண்டும்.

நீலத்தாளி மரத்தை மூடியிருந்தால் மேலிருந்து இழுக்க வேண்டாம், கிளைதான் முறியும். அடித்தண்டை அறுத்துவிட்டால் மேலே உள்ளது தானாய்க் காயும். மண்ணில் ஓடும் தண்டைக் கணு மிஞ்சாமல் கிளப்பி, மழைக்குப்பின் திரும்பிப் பார்த்துத் துளிரைக் கிள்ள வேண்டும். விதை வைக்கும் இனமென்றால் காய் முற்றுமுன் பிடுங்குவது அவசியம்; விதை மண்ணில் பல ஆண்டு உறங்கும்.

பூச்சியை ஏவி அழிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தாளியைத் தின்னும் பூச்சி அதன் சொந்தக்காரன் வத்தாளையை விடும் என்று நம்ப முடியாது. வத்தாளங்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, பயிர் இல்லாத காலத்தில் இந்தக் காட்டுக் கொடிகளில்தான் தங்கியிருக்கும். கிழங்குப் பாத்திக்குப் பக்கத்து வேலியில் தாளி ஏறியிருந்தால், நடுவதற்கு முன் அதை முதலில் அறுத்துவிடுங்கள்.